நீலம் போகாத மணிகள்

உக்காருங்க தம்பி. மேடம் கிளாஸ்ல இருக்காங்க, பெல் அடிச்சாத்தான் வருவாங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. பேக்க மேடை மேல வைக்காதீங்க, கிருமி வேல பாக்குற இடம். கீழ வைங்க. நான் சுந்தரவடிவு. இந்த மைக்ரோபயாலஜி லேபுக்கு அசிஸ்டென்ட். வடிவக்கான்னு கேட்டா வாட்ச்மேன்கூடச் சொல்லுவாரு. லேப் சாவி என்கிட்டதான். ஒரே சாவி. ராத்திரி என்னோட வில்லாபுரம் வரைக்கும் வந்துட்டு, காலையில என்னோட திரும்பி வரும்.

என்ன கொண்டாந்திருக்கீங்க? மணியா? காட்டுங்க. ம்... நல்லா இருக்கு. எல்லாம் ஒரே அளவு. டப்பாவத் தொறந்து எடுத்துப் போட வேண்டியதுதான், இல்ல?

நாங்க இத இங்கயே செய்வோம் தம்பி. நானும் ஜெயசீலியும். இப்ப அவ இல்ல. நான் தனியாச் செய்யிறதில்ல. அதான் உங்கள வரச் சொல்லியிருக்காங்க. நேத்து மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. "வடிவு, ஜெயசீலி இடம் காலியாத்தான் இருக்கு. அவளத் திரும்பக் கூப்பிடலாமா? கூட நின்னு வேல பாக்கப் போறவ நீ. நீ வேணும்னா கூப்பிடுறேன், வேண்டாம்னா ரெடிமேட் மணிய வாங்கிட்டு வேற ஆளப் போட்டுக்கறேன். நாளைக்குச் சொல்லு"ன்னாங்க. நாளைங்கிறது இன்னிக்கு. வேண்டாம்னு சொல்லப் போறேன். உங்களுக்கு வியாபாரம் ஆயிரும், கவலப்படாதீங்க.

விக்கிறீங்களே, எப்படிச் செய்யிறதுன்னு தெரியுமா? தெரியாதா. தெரிஞ்சு வச்சுக்கங்க, கேக்குற இடத்துல சொல்லலாம்ல. ஆல்ஜினேட்டுன்னு ஒரு பவுடர், கடற்பாசியிலருந்து எடுக்குறது. அதத் தண்ணியில கொஞ்சங்கொஞ்சமாத் தூவிக் கலக்கணும். அவசரப்பட்டுக் கொட்டுனா உப்புமா மாதிரி கட்டி தட்டிரும். கூழாட்டம் வந்ததும் நீலச் சாயம் ஒரு துளி, மெத்திலீன் ப்ளூ. பெறகு சிரிஞ்சுல எடுத்து கால்சியம் குளோரைடு தண்ணிக்குள்ள சொட்டுச் சொட்டா விடணும். விழுந்த கையோட ஜவ்வரிசி மாதிரி உருண்டு நின்னுக்கும். சாயம் உள்ளயே மாட்டிக்கும்.

ஏன் மாட்டி வைக்கணும், நேரா பால்ல ஊத்துனா என்னன்னு கேளுங்க. எல்லாப் பிள்ளைகளும் கேக்கும். சாயமே கிருமிக்கு ஆகாது தம்பி. கூடிப்போச்சுன்னா கிருமி செத்துரும். செத்தது என்னத்தக் காட்டும்? மணிக்குள்ள அடைச்சுட்டா சாயம் தன் பாட்டுக்கு இருக்கும், கிருமி தன் பாட்டுக்கு இருக்கும். கெட்டுப்போன பால்ல கிருமி எக்கச்சக்கமா இருக்குமா, உள்ள இருக்குற காத்தையெல்லாம் இழுத்துக்கும். அப்ப நீல மணி வெள்ளையாயிரும். நல்ல பால்ல நீலம் நீலமாவே கெடக்கும். அம்புட்டுத்தான் சங்கதி.

டீ சாப்பிடுறீங்கல்ல? இருங்க, போடுறேன். ஐயோ, சிரமமெல்லாம் ஒண்ணுமில்ல. பேசிக்கிட்டே போடுறேன். இங்க யாரும் இப்ப என் டீயக் குடிக்கிறதில்ல. எல்லாருக்கும் ஒண்ணாச் சேந்து சுகர் வந்துருச்சாம். மேடம் வீட்டுலருந்தே ஃபிளாஸ்க்குல கொண்டாந்துர்றாங்க. முன்னாடியெல்லாம் வடிவு டீன்னா பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்லருந்து வருவாங்க.

ஜெயசீலியச் சொல்லிட்டு இருந்தேன்ல. ஞானஒளிவுபுரத்துக்காரி. நல்லவதான். நல்லவதான்னு நெனச்சுட்டு இருந்தேன். நான் சேந்து கொஞ்ச வருசத்துல வந்தா. டெம்பரரி. ரெண்டு பேரும் ஒரே டிபன்ல சாப்பிடுவோம். அவ பொண்ணு வயசுக்கு வந்தப்ப என்கிட்டதான் முதல்ல சொன்னா. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப லேப் வேலையையும் பாத்துட்டு எனக்குச் சோறும் கொண்டாந்தது அவதான். இல்லன்னு சொல்லல.

ஐப்பசியில காய்ச்சல் வந்துச்சு தம்பி. எனக்கும் அவருக்கும். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு. நான் வீட்டுக்கு வந்தேன். அவரு வரல.

அழுகை வரல. சொந்தக்காரவுக எல்லாம் நான் எப்ப அழுவேன்னு பாத்துட்டே உக்காந்திருந்தாங்க. எங்க நாத்தனார் "கல்லு மாதிரி இருக்கா பாரு"ன்னே சொன்னா. எனக்கு ஒண்ணும் தோணல. இப்பவும் ஒண்ணும் தோணல. காலையில எந்திரிக்கிறேன், வர்றேன், போறேன். பல் டாக்டர் ஊசி போட்டா கன்னம் நம்மளது மாதிரியே இருக்காதுல்ல, அது மாதிரி இருக்கு. காய்ச்சலோட மூக்கும் போயிருச்சு. மல்லியப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். தானா வரும்னாரு டாக்டரு. வந்தா வரட்டும். வந்து என்ன ஆகப்போகுது?

காரியம் முடிஞ்ச கையோட வேலைக்கு வந்துட்டேன். வந்ததுலருந்து இந்த ஜெயசீலி ஒரு மாதிரி ஆயிட்டா. நான் டம்ளர் கழுவி வச்சா, அதத் திரும்ப எடுத்துட்டுப் போயி குழாயில கழுவுவா. பீக்கரக் கழுவுனா பீக்கரையும். எத்தன வருசமா கழுவுற கை இது! எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. "ஏண்டி, என் கை பட்டா ஆகாதா ஒனக்கு?"ன்னு கேட்டே கேட்டுட்டேன். "சும்மாதான் அக்கா, கை சும்மா இருந்துச்சு"ங்கிறா.

மத்தியானம் என் டிபன் பாக்ஸ வாங்கித் தொறந்து மோந்து பாப்பா. "அக்கா, இன்னிக்கு இந்தச் சாம்பார் வேண்டாம், என் சோத்துல பாதி எடுத்துக்கங்க"ம்பா. அவ சமையல் ஒசத்தியாம். ஒரு நாள் சின்ன பாட்டில் நெறைய நீல மணியப் போட்டு என் பையில வச்சுட்டா. "வீட்டுல பால் வாங்குனா ஒரு கிண்ணத்துல கொஞ்சம் ஊத்தி இதப் போட்டு வைங்க அக்கா. வெளுத்துப் போச்சுன்னா அந்தப் பால்ல காப்பி போடாதீங்க"ன்னு. என்ன கிண்டல் பாருங்க. பால் வாங்கத் தெரியாதவளா நான்? அந்தப் பாட்டில் இன்னும் ஃபிரிட்ஜுலதான் இருக்கு. தொட்டதில்ல. எம்பையன் பாதி நாள் வெளியிலதான் சாப்பிடுறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாப்பாடு எங்க புடிக்குது?

இதுக்கு நடுவுல எனக்கு ஒரு மெமோ வேற. கிருமி வளக்குற அகர் கஞ்சிய அடுப்புல வச்சேன். பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன். தீஞ்சு காரிடார் பூரா வாடையாம், பிள்ளைகள்லாம் வெளிய ஓடுதுக. எனக்குத் தெரியல. நான் ஜன்னல் பக்கம் பாத்துட்டு நின்னுருக்கேன். நிர்வாகத்துல கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி ஏதாவது ஆச்சுன்னா வீட்டுல இருந்துக்கங்க"ன்னுட்டாங்க. ஜெயசீலியும் அப்ப பக்கத்துல நின்னா. வீட்டுல இருந்து என்ன பண்றது? பையன் காலேஜ் முடிக்கல. வருமானம் என்னோடது ஒண்ணுதான்.

அந்தா, சிங்க்குகிட்ட ரெண்டு நீல பக்கெட்டு இருக்கா? ஒண்ணு நல்ல தண்ணி, அலசுறதுக்கு. இன்னொண்ணு லைசால் கலந்த தண்ணி. கிருமி தொட்ட பிப்பெட்டுக் குழாய எல்லாம் அதுல முக்கி எடுக்கணும், கிருமி செத்துரும். ரெண்டும் ஒரே மாதிரி பக்கெட்டு, தண்ணியப் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. லேபிள் ஒட்டுறதில்ல. நான் வந்த நாள்லருந்து ஒட்டுனதில்ல. கூட்டுற அம்மா தரையத் துடைக்கையில எப்படி வேணும்னாலும் மாத்தி வச்சுட்டுப் போகும், அதுக்கெல்லாம் யாரும் கவலப்பட்டதில்ல. லைசால் வாடை வாசல்லயே ஆளத் தூக்கிரும். இதுக்கு எதுக்கு லேபிள்?

சரி, பரீட்சைக்கு வர்றேன். பங்குனியில யுனிவர்சிட்டி பிராக்டிக்கல். எக்ஸ்டர்னலா ஒரு சாரு வெளிய இருந்து வருவாரு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு டியூப்ல பால் குடுப்போம், ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. மணியப் போட்டு, வெந்நித் தொட்டியில வச்சு, எது எதுன்னு சொல்லணும். மொத நாள் சாயங்காலம் ஜெயசீலி பொண்ணு ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங்னு சீக்கிரம் போயிட்டா. போறப்ப என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? "அக்கா, மணிய மட்டும் அலசாதீங்க. அப்படியே கால்சியம் தண்ணியில கெடக்கட்டும், காலையில நான் வந்து அலசிக்கிறேன்."

ஏன், நான் அலசுனா மணி கரைஞ்சு போயிருமா? செஞ்சது நான். சொட்டு ஒண்ணுகூட வால் விடாம உருண்டையா விட்டது நான். அலசுறதுக்கு மட்டும் மகாராணி வரணுமாக்கும். நானே அலசுனேன். டீ வடிகட்டி மாதிரி ஒரு வடிகட்டி வச்சிருக்கோம், அதுல அள்ளி, நல்ல தண்ணி பக்கெட்டுல முக்கி முக்கி எடுத்தேன். மூணு அலசு. சுத்தம்னா எனக்கு அப்படி. தட்டுல பரப்பி மூடி வச்சேன். லேபப் பூட்டுனேன், போனேன்.

காலையில அவளுக்கு பஸ் லேட்டு. வர்றதுக்குள்ள நான் எல்லா டியூப்லயும் மணியப் போட்டாச்சு, ஒண்ணுகூட மிச்சமில்ல. எக்ஸ்டர்னல் சாரும் வந்து உக்காந்தாச்சு. இவ ஓடி வந்தா. நேரா வடிகட்டியத்தான் போயி எடுத்தா. மூஞ்சிகிட்ட வச்சுட்டு அப்படியே நிக்கிறா. பெறகு என்கிட்ட வந்து காதுல கேக்குறா, "அக்கா, எந்தப் பக்கெட்டுல அலசுனீங்க?"ன்னு. அந்த அவசரத்துல கேக்குற கேள்வியா தம்பி? "நல்ல தண்ணி பக்கெட்டுலதாண்டி, வேற எதுல அலசுவாங்க?"ன்னேன். என் கையப் பிடிச்சா. பிடிச்சிட்டு விட்டுட்டா.

நேரம் போச்சு. ஒரு மணிகூட வெளுக்கல. நல்ல பாலும் நீலம், கெட்ட பாலும் நீலம். திரிஞ்சு தயிராக் கெடக்குது பாலு, அதுக்குள்ள மணி புதுசா விட்ட மாதிரி நீலமா உக்காந்திருக்கு. பிள்ளைக ஒண்ண ஒண்ணு பாக்குதுக. ஃபர்ஹானான்னு ஒரு பொண்ணு, அது மட்டும் கெட்ட பாலச் சரியா எழுதிருச்சு. சாரு கேக்குறாரு, "மணி நீலமா இருக்கே, எப்படிம்மா கெட்ட பால்னு எழுதுன?"ன்னு. "நாறுது சார்"ங்குது அது. "மூக்க வச்சு சயின்ஸ் பண்ணக் கூடாது"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னுதான் நெனைக்கிறேன்.

பரீட்சை நின்னு போச்சு. மேடத்துக்கு மூஞ்சி செவந்து போச்சு. "யார் மணி ரெடி பண்ணது?"ன்னாங்க. நான்தான்னு சொல்ல வாயத் தொறந்தேன். எனக்கென்ன பயம், நல்லாத்தானே செஞ்சேன்? அதுக்குள்ள ஜெயசீலி முன்னாடி வந்துட்டா. "நான்தான் மேடம். நேத்து மீட்டிங் முடிஞ்சு திரும்பி வந்து அலசுனேன். கவனிக்காம லைசால் பக்கெட்டுல முக்கிட்டேன். மணி லைசாலக் குடிச்சிருச்சு, அதான் டியூப்ல கிருமியெல்லாம் செத்துருச்சு. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. எப்படியும் இல்ல. ஆனா புரிஞ்சு போச்சு. நான் அலசுனதத் திரும்ப அலசுறதுக்கு வந்திருக்கா! டம்ளர, பீக்கரக் கழுவுற மாதிரியே. என் மேல நம்பிக்கை இல்லாம, திரும்பி வந்து, சுத்தமா இருந்த மணியக் கெடுத்து வச்சிருக்கா. அவ்வளவு பிள்ளைக பரீட்சைய.

டெம்பரரிதான, அன்னிக்கே அனுப்பிட்டாங்க. அவளுக்கென்ன, புருசன் இ.பி.யில இருக்காரு. பரீட்சைய மறுவாரம் திரும்ப வச்சாங்க. பக்கத்துக் காலேஜ்ல மணி வாங்கிட்டு வந்து வச்சாங்க, எல்லாம் பாஸ். அவ பேக்க எடுத்துட்டுப் போறப்ப என்கிட்ட வந்து நின்னா. நான் திரும்பிப் பாக்கல. சிங்க்கத் தேச்சுட்டு இருந்தேன். போயிட்டா.

போன மாசம் புதூர் மார்க்கெட்ல பாத்தேன். மெலிஞ்சு போயிருக்கா. ஜவுளிக்கடையில நிக்கிறாளாம், நாள் பூரா நின்னு காலு வீங்கிப் போச்சுன்னு கூட வந்தவ சொல்றா. இவ சொல்லல. இவ என்ன கேட்டா தெரியுமா தம்பி? செஞ்சதுக்கு ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கலாம். இல்ல, எப்படி இருக்கீங்கன்னு கேக்கலாம். "மூக்கு சரியாயிருச்சா அக்கா?"ன்னு கேட்டா. அத்தன சனத்துக்கு நடுவுல. "இல்ல"ன்னேன். ஒடனே அவ கண்ணுல தண்ணி. என்ன நடிப்பு! நான் காய எடுத்துட்டு வந்துட்டேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனி அவ மூஞ்சியில முழிக்கிறதில்லன்னு.

இந்தாங்க, டீ. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். குடிங்க, ஆறிரும்.

ஏன் தம்பி? சக்கரை பத்தலையா?

ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? பாலு கெட்டுப் போச்சா? சும்மா சொல்லுங்க, எனக்குத் தெரியாது.

லைசாலா? டீயிலயா?

டம்ளர்ல இருந்து வருதா... இல்லையே. டம்ளர இப்பத்தான் அலசுனேன். உங்க கண்ணு முன்னாடிதான அலசுனேன். நல்ல தண்ணி பக்கெட்டுல. அந்தா, ஜன்னல் பக்கம் இருக்கே, அதுதான் நல்ல தண்ணி. குடிச்சிட்டீங்களா? வாயில வைக்கலையே? கீழ வைங்க, கீழ வைங்க.

தம்பி, ஒரு நிமிசம் இங்க வாங்க. வாங்க, கோவிச்சுக்காதீங்க. குனிஞ்சு இந்தப் பக்கெட்ட மோந்து பாருங்க.

இதுதான் லைசாலா?

சரி, அத மோந்து பாருங்க. அதுல ஒண்ணும் இல்லையா. வெறும் தண்ணியா.

நான் இதுலதான் தம்பி தெனமும் அலசுறேன். ஜன்னல் பக்கம் இருக்குறதத்தான் நல்ல தண்ணின்னு... கூட்டுற அம்மா மாத்தி வச்சாலும் எனக்கு மூக்குலயே... மூக்குலயேன்னு சொல்றேன் பாருங்க. எல்லாருக்கும் சுகராம். பிசிக்ஸ்காரங்களுக்கும் சுகராம்.

அன்னிக்கும் ஜன்னல் பக்கம் இருந்ததுலதான் முக்குனேன். மூணு அலசு.

இல்ல, இருங்க. அவ திரும்பி வந்தேன்னு சொன்னாளே. லைசால்ல முக்குனது அவதான்னு அவளே சொன்னாளே. எல்லாருக்கும் முன்னாடி சொன்னா. மேடம் காதுலயும் விழுந்துச்சு, என் காதுலயும் விழுந்துச்சு.

சாயங்காலம் லேபப் பூட்டுனது நான். சாவிய இடுப்புல சொருகுனது நான். ராத்திரி பூரா தலகாணிக்கு அடியில கெடந்துச்சு. காலையில தொறந்தது நான். வேற சாவி கெடையாது.

அவ எப்படித் தம்பி உள்ள வந்திருப்பா?

உக்காரல. நிக்கிறேன், எனக்கு ஒண்ணுமில்ல. அழுகை வரும்னு பாக்குறேன், வரல. வரணும்ல? ஒரு மனுசிக்கு இந்நேரம் வரணும். அவ என் கையப் பிடிச்சாளே, அது மட்டும்தான் இப்ப தெரியுது. இந்தக் கை. மெமோ குடுத்தப்ப அவளும் பக்கத்துல நின்னா தம்பி. இன்னொரு தடவ ஆச்சுன்னா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். இப்ப ஜவுளிக்கடையில நிக்கிறா. காலு வீங்கிக் கெடக்கு. மார்க்கெட்ல மூக்கு சரியாயிருச்சான்னு கேட்டா. நான் காய எடுத்துட்டு வந்துட்டேன்.

பெல் அடிச்சிருச்சு. மேடம் செருப்புச் சத்தம் கேக்குது.

நீங்க இருங்க தம்பி. உங்களுக்கு முன்னாடி நான் போயி மேடத்தப் பாத்துட்டு வந்துர்றேன். யாரு அலசுனதுன்னு சொல்லிட்டு வர்றேன். பெறகு என்னை வச்சுக்கிறதோ அனுப்புறதோ அவங்க பாடு. ஜெயசீலி வேணும்னு சொல்லணும். அந்த மணி டப்பாவ பேக்ல எடுத்து வச்சுக்கங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க அது வேண்டியிருக்காது.

அந்த டீய சிங்க்குல ஊத்திருங்க. டம்ளரக் குழாயில காட்டி ஒருக்கா கழுவிருங்க தம்பி. நான் கழுவுனது அது.